பி.எஃப்.ஏ. சேர்க்கைக்கு போர்ட்ஃபோலியோ: 60 படத்துல எதை வைக்கிறது, எதை எடுக்கிறது?

மைப்புள்ளி

எல்லாருக்கும் வணக்கம். திண்டுக்கல்லில் இருந்து எழுதுறேன். +2 முடிச்சாச்சு, பி.எஃப்.ஏ. (கவின்கலை இளங்கலை) ஓவியப் பிரிவுக்கு விண்ணப்பிக்கப் போறேன். சென்னை, கும்பகோணம் அரசு கவின் கலைக் கல்லூரிகள் மனசுல இருக்கு. கூடவே வெளிமாநிலத் தனியார் கல்லூரி ஒண்ணு. அங்கே போர்ட்ஃபோலியோவை (நம்ம படங்களோட தொகுப்பை) 10 எம்.பி.க்கு மிகாம ஒரே பி.டி.எஃப். கோப்பா அனுப்பணும், நேர்காணலுக்கு அசல் படங்களும் கொண்டு போகணும். கையில ஐந்து வாரம் இருக்கு.

இப்போ இருக்கிறது: நடிகர்கள், தலைவர்கள் பென்சில் உருவப்படம் 14 (போட்டோ பார்த்து, கட்டம் போட்டு வரைஞ்சது), போஸ்டர் கலர் இயற்கைக் காட்சி 11, ரவி வர்மா பிரதி 2, லோயர்–ஹையர் டிராயிங் (அரசுத் தொழில்நுட்பத் தேர்வு) தேர்வுக்குப் பழகின தாள்கள் ஒரு கட்டு, கரியில ஸ்டில் லைஃப் (எதிர்ல வெச்ச பொருள்களைப் பார்த்து வரையறது) 6 (ஹாஃப் இம்பீரியல், அதாவது 15×22 அங்குலத் தாள்), வாட்டர் கலர் 5, ரெண்டு ஸ்கெட்ச் புத்தகம் (பேருந்து நிலையம், பூ மார்க்கெட்), 2×3 அடி அக்ரிலிக் கேன்வாஸ் ஒண்ணு, களிமண் தலை ஒண்ணு.

எத்தனை வைக்கணும்? உருவப்படம்தான் எல்லாரும் நல்லா இருக்குன்னு சொல்றது, அதை முன்னாடி வைக்கலாமா? ஹாஃப் இம்பீரியல் தாளை போன்ல எப்படி ஒழுங்கா எடுக்கிறது? அசல் படங்களை லேமினேட் பண்ணி எடுத்துட்டுப் போகலாமா?

கரித்துண்டு

தம்பி, லேமினேஷன் கேள்விக்கு உடனே பதில் சொல்லிடறேன், இன்னைக்கே கடைக்குப் போயிடப் போறீங்க: வேண்டாம். சூட்டுல ஆயில் பேஸ்டல் உருகும், கரிப்படம் பிளாஸ்டிக்ல ஒட்டிக்கும், மேலே பளபளப்பு ஏறிடுச்சுன்னா தாளோட மேற்பரப்பே தெரியாது. ஒரு தடவை போட்டதைத் திரும்ப உரிக்கவும் முடியாது.

இப்போ தேர்வு. அறுபதையும் தரையில பரப்புங்க. எதிர்ல இருந்த பொருளை, ஆளை, இடத்தைப் பார்த்து வரைஞ்சது ஒரு பக்கம். இன்னொரு படத்தையோ போட்டோவையோ பார்த்து வரைஞ்சது இன்னொரு பக்கம். ரெண்டாவது அடுக்கு கிட்டத்தட்ட முழுசா வீட்டுலயே இருக்கட்டும். அந்த 14 உருவப்படமும் அதுல சேர்த்திதான்.

காரணம் இருக்கு. முப்பரிமாணத்தைத் தட்டையாக்குற வேலையைக் கேமரா ஏற்கெனவே செஞ்சு முடிச்சிடுச்சு. கட்டம் போட்டு அதைத் தாளுக்கு மாத்தினா பொறுமை தெரியுமே தவிர, பார்வை தெரியாது. முதல் வருஷம் வகுப்புல எதிர்ல ஒரு ஆளை உட்கார வைப்பாங்க. அவர் மேல கட்டம் இருக்காது, நிழல் நேரத்துக்கு நேரம் நகரும். அதுக்கு இந்தப் பையன் தயாரான்னுதான் தேர்வு செய்றவங்க பார்க்கிறாங்க. ரவி வர்மா பிரதியிலயும் அதே சிக்கல்: எதை விடணும், எங்கே வெட்டணும், எங்கே வெளிச்சம் வைக்கணும்ங்கிற முடிவையெல்லாம் வேற ஒருத்தர் எடுத்துட்டார்.

எண்ணிக்கையைக் கல்லூரி விளக்கக் குறிப்பேட்டுல சொல்லியிருந்தா அதே எண், ஒண்ணு கூடவும் வேண்டாம், குறையவும் வேண்டாம். சொல்லலைன்னா 15-லிருந்து 18. பதினைஞ்சு நல்ல படத்தோட நாலு சுமாரான படம் சேர்ந்தா, அந்த நாலுதான் கேள்வியாகும்: தன் படத்துல எது நல்லா இல்லைன்னு இவனுக்கே தெரியலையோன்னு தோணிடும்.

உங்க கரி ஸ்டில் லைஃப் ஆறும்தான் முதுகெலும்பு. ஆனா ஒவ்வொண்ணையும் சோதிச்சுப் பாருங்க. பித்தளைக் குடம் வரைஞ்சிருப்பீங்க, அநேகமா எல்லார்கிட்டயும் இருக்கும். வாய் வட்டத்தைப் பாருங்க. ரெண்டு ஓரமும் மீன் மாதிரி கூர்மையா முடிஞ்சிருந்தா தப்பு. நீள்வட்டத்துக்கு மூலையே கிடையாது, எவ்வளவு ஒடுங்கினாலும் ஓரம் வளைஞ்சுதான் திரும்பும். அடுத்து அடிப்பாகம். குடத்தைவிட உயரத்துல கண் இருந்தா, வாயைவிட அடி வட்டம் இன்னும் கொஞ்சம் உருண்டையா, மேலும் கீழுமா விரியணும், ஏன்னா அது கண் மட்டத்துல இருந்து இன்னும் கீழே போயிடுச்சு. தரையில உட்காருதேன்னு அடியை நேர்க்கோடா இழுத்தா, குடம் பாதியில அறுத்து வெச்ச மாதிரி இருக்கும். மூணாவது, பளபளப்பு. பித்தளையில ஒளிப்புள்ளி கத்தி வெட்டு மாதிரி சட்டுனு ஆரம்பிச்சு சட்டுனு முடியும். விரலால தேய்ச்சுத் தேய்ச்சு மென்மையாக்கியிருந்தா அது மண் குடம் ஆயிடுச்சு. இந்த மூணுல ரெண்டு தப்பு இருக்கிற படத்தை எடுத்துடுங்க, அல்லது அதே குடத்தை இந்த வாரமே திரும்ப வரைங்க. திருத்த வேண்டாம், புதுத் தாள்ல.

ஸ்கெட்ச் புத்தகம் ரெண்டும் உங்ககிட்ட இருக்கிறதுலயே மதிப்பானது. கிழிக்காதீங்க. புத்தகமாவே கொண்டு போங்க, நல்ல பக்கங்கள்ல சின்னத் தாள் துண்டு வெச்சு அடையாளம் பண்ணிக்கோங்க. நின்ன ஆளை வரைஞ்ச பக்கத்துல ஒரு சோதனை: கழுத்துக் குழியில இருந்து நேர்க்கீழா ஒரு கோடு மனசுல இறக்குங்க. ஆள் ஒரு கால்ல சாய்ஞ்சு நிக்கிறார்னா அந்தக் கோடு பாரம் தாங்குற பாதத்துக்குப் பக்கத்துல இறங்கணும். ரெண்டு காலுக்கும் நடுவுல தொங்கினா அவர் நிக்கலை, விழுந்துட்டு இருக்கார்.

ஐந்து வாரத்துல குறையா இருக்கிறதைச் சேர்க்கலாம். வீட்டு ஆள் உட்கார்ந்து வேலை செய்றது, அரிவாள்மனையில காய் நறுக்குறதே போதும்: மடிச்ச முட்டி, குனிஞ்ச முதுகு, முன்னாடி குறுகித் தெரியுற கை எல்லாம் ஒரே படத்துல வருது. இருபது நிமிஷப் படம் நாலு. உங்க இடது கையையே எதிர்ல வெச்சுப் பார்த்து ஒரு முழுத்தாள் பயிற்சிப் படம். இடத்துக்கு, மதுரை பக்கம்தானே, திருமலை நாயக்கர் மகால்ல ஒரு முழு நாள். பெரிய தூண் வரிசையும் வளைவும் பின்னாடி பின்னாடி சுருங்கிப் போறதைக் கண் மட்டக் கோடு போட்டு வரைங்க. கடைசியா உங்க ஊர்ப் பொருள்: பூட்டுப் பட்டறை. அதுல ஒரு காட்சி அமைப்பு. தீப்பெட்டி அளவுல எட்டு சின்ன வரைவு போட்டு, அதுல ஒண்ணை எடுத்துப் பெருசாக்குங்க. அந்த எட்டையும் தூக்கிப் போடாம போர்ட்ஃபோலியோவுல ஒரு பக்கமா வைங்க. ஏன் அந்த எட்டுல இதைத் தேர்ந்தெடுத்தேன்னு சொல்ல முடிஞ்சா நேர்காணல் பாதி முடிஞ்சது.

சென்னைன்னு சொன்னதால இதையும் சொல்லணும். அந்த அரசுக் கல்லூரி 1850-ல ஓவியப் பள்ளியா ஆரம்பிச்சது. அங்கே இருந்து வளர்ந்த மெட்ராஸ் ஓவிய மரபுல கோட்டுக்குப் பெரிய இடம் உண்டு. 1969 காந்தி நூற்றாண்டை ஒட்டி ஓவியர் கே.எம். ஆதிமூலம் வரைஞ்ச காந்தி கோட்டுப்படங்களைப் பாருங்க. நிழல் போட்டு உருட்டாம கோடு மட்டுமே எப்படி உடம்பாகுதுன்னு தெரியும். நகல் எடுக்கச் சொல்லலை. நிழலே இல்லாம பேனாவாலயோ தூரிகையாலயோ வரைஞ்ச ரெண்டு படம் உங்க அடுக்குலயும் இருக்கட்டும்னு சொல்றேன். எழும்பூர் அருங்காட்சியகத்தோட வெண்கலக் கூடத்துல உட்கார்ந்து வரைஞ்சா இன்னும் நல்லது. காவலர்கிட்ட முன்கூட்டியே அனுமதி கேட்டுக்கோங்க. பென்சில் மட்டும் கொண்டு போங்க, கரியும் மையும் வேண்டாம்.

வடக்குச்சன்னல்

போட்டோ எடுக்கிறதைப் பத்தி மட்டும் சொல்றேன். நல்ல படம் பாதி பேருக்கு இங்கேதான் கெட்டுப் போகுது.

ஸ்கேனர் ஆப் எதையும் தொடாதீங்க. அதெல்லாம் ரசீதும் நோட்டுப் புத்தகமும் படிக்கிறதுக்குச் செஞ்சது. வெள்ளையை இன்னும் வெள்ளையாக்கி, கறுப்பை இன்னும் கறுப்பாக்கும். கரிப்படத்துல நீங்க உழைச்சதே நடுவுல இருக்கிற சாம்பல்லதான், அது மொத்தமா போயிடும். நிஜ ஸ்கேனரும் கரிக்கு ஆகாது, கண்ணாடியில அழுத்தினா படம் அதுல ஒட்டிட்டு வரும். வாட்டர் கலர்ல ரொம்ப மெல்லிசான வர்ணத்தை அது முழுங்கிடும்.

இடம்: நேரடி வெயில் விழாத வராந்தா, காலை ஒன்பதுல இருந்து பதினொண்ணு. பக்கத்துச் சுவர் என்ன நிறம்னு பாருங்க. நம்ம வீடுகள்ல பச்சை, ரோஸ் டிஸ்டெம்பர் அடிச்சிருப்போம். அந்த நிறம் அப்படியே தாள் மேல ஏறும், கண்ணுக்குத் தெரியாது, கேமராவுக்குத் தெரியும். வெள்ளை வேட்டியையோ பெட்ஷீட்டையோ அந்தச் சுவர்ல தொங்க விடுங்க. ட்யூப் லைட்டை அணைச்சிடுங்க. பகல் வெளிச்சமும் விளக்கு வெளிச்சமும் கலந்தா பாதிப் படம் நீலம், பாதிப் படம் மஞ்சள், எந்த ஆப்பாலயும் சரி பண்ண முடியாது.

தாளைத் தரையில போட்டு மேலே நின்னு எடுக்காதீங்க, உங்க நிழல் விழும், போன் சாயும். டிராயிங் போர்டுல கிளிப் போட்டு, போர்டைச் சுவரோட ஒட்டி, சாயாம செங்குத்தா நிறுத்துங்க. தாளோட நடுப்புள்ளி உயரத்துல போன். முக்காலி இல்லைன்னா நாற்காலி மேல புத்தகம் அடுக்கி வைங்க, கையில பிடிக்க வேண்டாம். குறைஞ்சது ஒன்றரை மீட்டர் தள்ளி நிக்கணும். கிட்ட போய் எடுத்தா தாளோட ஓரம் பீப்பாய் மாதிரி வெளியே வளையும். தள்ளி நின்னு எடுத்துட்டு அப்புறம் வெட்டிக்கலாம். போன்ல நிஜமான ரெண்டாவது லென்ஸ் இருந்தா 2 எக்ஸ் நல்லது. வெறும் டிஜிட்டல் பெரிதாக்கல்னா வேண்டாம்.

போன் தாளுக்கு இணையா இருக்கான்னு கண்டுபிடிக்க ஒரு வழி. சட்டைப்பை அளவு கண்ணாடி ஒண்ணைப் படத்தோட நடுவுல போர்டோட ஒட்டினாப்புல பிடிச்சுக்கச் சொல்லுங்க, படத்துல உரசாம. போன் திரையில அந்தக் கண்ணாடிக்குள்ள உங்க போன் லென்ஸ் சரியா நடுவுல தெரியுற வரைக்கும் போனை நகர்த்துங்க. தெரிஞ்சதும் கண்ணாடியை எடுத்துட்டு எடுங்க. நாலு மூலையும் நேரா வரும். ஆப்ல இழுத்து நேராக்கினா உருவங்களோட அளவு மாறிடும், நீங்க பார்த்துப் பார்த்து அளந்து வரைஞ்ச குடம் ஒரு பக்கம் பருத்துப் போகும்.

வெளிச்சம் ஒரு பக்கத்துல இருந்து மட்டும் வந்தா அந்தப் பக்கம் பளிச்சுன்னும் மறுபக்கம் மங்கலாவும் இருக்கும். மங்கல் பக்கத்துல ஒரு தெர்மாகோல் பலகையைப் படத்துக்கு 45 டிகிரியில நிறுத்தினா அது வெளிச்சத்தைத் திருப்பி அனுப்பும். பலகையை முன்னும் பின்னும் நகர்த்தி ரெண்டு ஓரமும் ஒண்ணா ஆகுதான்னு பாருங்க. பென்சில்ல 6பி, 8பி அடர்த்தியா போட்ட இடம் வெள்ளி மாதிரி மினுங்கும். வெளிச்சம் வர்ற கோணத்தைப் பக்கவாட்டுக்கு இன்னும் தள்ளினா அடங்கும்.

ஃபிளாஷ், ஏ.ஐ. மெருகு, ஃபில்டர் எல்லாம் நிறுத்திடுங்க. திரையில படத்தைத் தொட்டு அழுத்திப் பிடிச்சா வெளிச்ச அளவு பூட்டிக்கும். வெள்ளைத் தாள் திரை முழுக்க நிறைஞ்சா கேமரா அதைச் சாம்பல்னு நினைச்சு இருட்டாக்கும், அதனால வெளிச்சத்தை +0.7-ல இருந்து +1 வரைக்கும் ஏத்துங்க. அதுக்கு மேல போகாதீங்க. தாள் சுத்த வெள்ளையா வெளுத்துட்டா, மெல்லிசா தொட்ட கரியும் தாள் விளிம்பும் காணாமப் போயிடும்.

நிறம் சரி பார்க்க ஜெராக்ஸ் தாளை வைக்கிறாங்க. அதுல பளபளப்புக்கு ஒரு ரசாயனம் சேர்க்கிறதால பகல்ல கொஞ்சம் நீலமா இருக்கும். அதை வெள்ளைன்னு நம்பி நிறத்தைச் சரி பண்ணினா படம் மஞ்சள் அடிக்கும். கேமரா கடையில சாம்பல் நிற அட்டை கிடைக்கும், ஒண்ணு வாங்கிக்கோங்க. முதல் படத்துல மட்டும் ஓரமா வெச்சு எடுத்தாப் போதும், அதே வெளிச்சத்துல எடுத்த மத்ததுக்கும் அதே திருத்தம்.

பி.டி.எஃப். கணக்கு இது. 20 பக்கம், 10 எம்.பி. பக்கத்துக்கு 500 கே.பி. வருது, ஆனா 450-க்குள்ள வெச்சுக்கோங்க, கோப்பு தலைப்புக்கும் எழுத்துக்கும் இடம் வேணும். நீளமான பக்கம் 2000 பிக்சல், ஜே.பி.ஜி. தரம் 80-ல சேமிங்க. கரிப்படத்துல தாளோட சொரசொரப்பு நுணுக்கமா இருக்கும், அது கோப்பைப் பெருசாக்கும். அதுக்கு மட்டும் தரம் 70–75. பி.என்.ஜி.யா போட்டா நாலு படத்துலயே 10 எம்.பி. தாண்டிடும். நிற வகை எஸ்.ஆர்.ஜி.பி. ஆ இருக்கணும், வேற வகையில போனா அவங்க திரையில சிவப்பு செத்துத் தெரியும். கணினிக்கு அனுப்பறப்போ வாட்ஸாப்ல போட்டோவா அனுப்பாதீங்க, சுருக்கிடும். டாக்குமென்ட்டா அனுப்புங்க, அல்லது கேபிள்.

எல்லாப் பக்கமும் ஏ4 அகலவாக்குல. நீளவாக்குப் படமும் அதே அகலப் பக்கத்துல நடுவுல உட்காரட்டும், பக்கம் ஒண்ணு நின்னு ஒண்ணு படுத்து இருந்தா பார்க்கிறவங்க தலையைத் திருப்பிட்டே இருக்கணும். பின்னணி வெள்ளை. ஒரு பக்கத்துக்கு ஒரு படம். ஸ்கெட்ச் மட்டும் ஒரு பக்கத்துல நாலு. கீழே ஒரே வரி: பொருள், ஊடகம், அளவு (உயரம் × அகலம், செ.மீ.), ஆண்டு. ஹாஃப் இம்பீரியல் 15×22 அங்குலம், அதாவது 38×56 செ.மீ. தமிழ்ல எழுதறதா இருந்தா யூனிகோட் எழுத்துருவுலயே எழுதுங்க. பாமினி மாதிரி பழைய எழுத்துருவுல அடிச்சு, அந்த எழுத்துரு கோப்புக்குள்ள சேரலைன்னா, அவங்க கணினியில திறக்கிறப்போ ஆங்கிலக் கிறுக்கலா வரும். முடிச்சதும் வேற ஒருத்தர் போன்ல திறந்து பாருங்க.

நாடாக்கட்டு

அசல் படங்களைக் கொண்டு போற பைக்கு ஆயிரக்கணக்குல செலவு பண்ண வேண்டாம் தம்பி. பைண்டிங் கடையில 3 மி.மீ. மில் போர்டு (புத்தகத்துக்குப் போடற கெட்டி அட்டை), 17×24 அங்குலம், ரெண்டு வெட்டி வாங்குங்க. ரெண்டையும் 24 அங்குலப் பக்கம் சேர்ந்தாப்புல, நடுவுல ஒன்றரை அங்குலம் இடைவெளி விட்டு வைங்க. அந்த இடைவெளி இல்லைன்னா படங்களை வெச்சதும் மூடாது, இதுலதான் முதல் தடவை செய்றவங்க எல்லாரும் தடுக்கி விழறது. 5 அங்குல அகலக் காடாத் துணியை ஃபெவிகால்ல ஒட்டுங்க, மேலேயும் கீழேயும் ஒரு அங்குலம் மடிச்சு உள்ளே திருப்புங்க. உள்பக்கமும் இன்னொரு துணிப்பட்டை. ராத்திரி முழுக்க பாரம் ஏத்திக் காய விடுங்க. மத்த மூணு பக்கத்துலயும் ஓரத்துல இருந்து ஒரு அங்குலம் உள்ளே கீறல் போட்டு, ஒரு அடி நீள நாடா ஆறு துண்டு கோத்து ஒட்டிட்டா முடிஞ்சது. மழைக்கு மேலே ஒரு பிளாஸ்டிக் உறை.

படத்தை அட்டையில ஒட்டறது எப்படின்னு நீங்க கேட்கலை, ஆனா எல்லாரும் கெடுக்கிற இடம் அது. செல்லோடேப் வேண்டாம், ரெண்டு வருஷத்துல மஞ்சளாகி அந்த மஞ்சள் தாளுக்குள்ள இறங்கிடும். நாலு ஓரமும் ஃபெவிகால் தடவினா, ஈரக்காத்துல தாள் விரியப் பார்க்கும், விரிய இடம் இல்லாம நடுவுல அலை அலையா எழும்பும். மேல் ஓரத்துல மட்டும் ரெண்டு இடத்துல, மெல்லிசான கைத்தாள் துண்டைக் கீல் மாதிரி மடிச்சு ஒட்டுங்க. கீழ்ப்பக்கம் சும்மா தொங்கட்டும். பசை, காய்ச்சின மைதாப் பசை, ரொம்பக் கொஞ்சம். பைண்டிங் கடைப் பசையில பூச்சிக்கு மயில்துத்தம் (காப்பர் சல்ஃபேட்) கலந்திருப்பாங்க. அது மில் போர்டுக்குச் சரி, படத்துல படக் கூடாது.

அட்டை வெள்ளை அல்லது லேசான கிரீம். கறுப்பு மவுண்ட் போர்டு பார்க்க கம்பீரமா இருக்கும். ஆனா அது மேல கரிப்படத்தை வைங்க, உங்க ஆழமான கறுப்பு எல்லாம் சாம்பலாத் தெரியும். பக்கத்துல அதைவிடக் கறுப்பு இருக்கே.

பிளாஸ்டிக் உறை போட்ட ஃபைல்ல அக்ரிலிக், ஆயில் பேஸ்டல் படங்களை வைக்காதீங்க. வெயில்ல பஸ்ல போய் இறங்கறதுக்குள்ள ஒட்டிக்கும். படத்துக்குப் படம் பட்டர் பேப்பர். கேன்வாஸ் 2×3 அடியைத் தூக்கிட்டு அலைய வேண்டாம், கேட்டாத்தான். கொண்டு போறதா இருந்தா நாலு மூலைக்கும் அட்டையை மடிச்சுக் குப்பி மாதிரி மாட்டி, மேலே போடற அட்டை வர்ணத்தைத் தொடாம அரை அங்குலம் தள்ளி நிக்கிற மாதிரி கட்டுங்க. குமிழ் பிளாஸ்டிக்கை நேரா வர்ணத்து மேல சுத்தினா அந்த வட்ட வட்டத் தடம் நிரந்தரமா பதிஞ்சிடும்.

கரித்துண்டு சொன்னதுல ஒரு இடத்துல எனக்கு மாற்றுக் கருத்து. உருவப்படம் 14-ல ஒண்ணே ஒண்ணு, உங்களுக்கு நேர்ல தெரிஞ்ச ஆளோடது இருந்தா வைக்கலாம். கீழே "புகைப்படத்தைப் பார்த்து வரைந்தது"ன்னு எழுதிடுங்க. கை சுத்தமா வேலை செய்யும்னு காட்டுறதுல தப்பு இல்லை.

கரித்துண்டு

அந்த ஒண்ணை எடுத்துட்டு, அதே ஆளை உங்க எதிர்ல உட்கார வெச்சு வரைஞ்சதை அந்த இடத்துல வைங்கன்னுதான் இப்பவும் சொல்வேன். சாயல் கொஞ்சம் தப்பினாலும் பரவாயில்லை, தலை கழுத்து மேல உட்கார்ந்திருக்கும். ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வைக்கிறதா இருந்தா நாடாக்கட்டு சொல்றதுக்கு ஒத்துக்கிறேன், அப்போ அது ஒப்பீடாகுது.

லோயர்–ஹையர் பயிற்சித் தாள்கள்ல மாடல் டிராயிங் (பொருளை எதிர்ல வெச்சு வரைஞ்சது) ஒண்ணு நல்லா இருந்தா எடுத்துக்கலாம். ஃப்ரீஹேண்ட் அலங்கார வரைவு ஓவியப் பிரிவுக்கு உதவாது. டெக்ஸ்டைல் டிசைனை ரெண்டாவது விருப்பமா கொடுக்கிறீங்கன்னா அப்போ உதவும், அதுவும் அந்த வடிவத்தை அடுத்தடுத்து அடுக்கி ஒரு துணி அளவுக்கு ஓட விட்டுக் காட்டினாத்தான்.

வரிசை: முதல்ல உங்க ஆகச்சிறந்த கரிப்படம். கடைசியில ரெண்டாவது சிறந்தது. நடுவுல தேதி வரிசை தேவையில்லை. ஒரே மாதிரி படம் மூணு தொடர்ந்து வராம, கரிக்கு அப்புறம் வர்ணம், பெரிய படத்துக்கு அப்புறம் ஸ்கெட்ச் பக்கம்னு கண்ணுக்கு மாத்திக் கொடுங்க. இயற்கைக் காட்சி 11-ல தென்னை மரம், குடிசை, சூரியன் மறையுறது எல்லாம் கற்பனையில வரைஞ்சதா இருந்தா ஒண்ணும் வேண்டாம். சிறுமலையைப் பார்த்து அங்கேயே உட்கார்ந்து வரைஞ்சது இருந்தா அது வரலாம்.

ஆசிரியர் கை வெச்சுத் திருத்தின படம் எதுவும் அடுக்குல இருக்கக் கூடாது. ஒரே படத்துல ரெண்டு கை ஓடினது பார்த்ததும் தெரியும். அங்கேயே ஒரு தாள் கொடுத்து வரையச் சொன்னா வித்தியாசம் வெளியே வந்துடும்.

சுடுமண்

களிமண் தலையைப் பத்தி யாரும் சொல்லலை. சுடாத களிமண்ணா? அப்போ அதை எடுத்துட்டுப் போகாதீங்க, மூக்கும் காதும் பயணத்துல தாங்காது. போட்டோ போதும், ஆனா ஒரே கோணம் போதாது: முன்பக்கம், முக்கால் பக்கம், பக்கவாட்டு. மூணும் ஒரே பக்கத்துல.

பின்னாடி சுருக்கம் இல்லாத சாம்பல் அல்லது காக்கித் துணி, சுவர்ல இருந்து மேசை வரைக்கும் மடிப்பு விழாம வளைஞ்சு இறங்கணும். ஓவியத்துக்கு ரெண்டு பக்கமும் சமமா வெளிச்சம் கேட்டாங்க இல்லையா, இதுக்கு நேர் எதிர். வெளிச்சம் ஒரே பக்கத்துல இருந்து, கொஞ்சம் மேலே இருந்து வரணும். அப்போதான் கண் குழியும் கன்ன எலும்பும் எழும்பும். ரெண்டு பக்கமும் வெளிச்சம் போட்டா முகம் தட்டையா ஆயிடும். லென்ஸ் தலையோட பாதி உயரத்துல, ரெண்டு மீட்டர் தள்ளி. கிட்ட வந்தா மூக்கு பருக்கும். உயரத்தைச் செ.மீ.ல எழுதுங்க, இல்லைன்னா எலுமிச்சம்பழம் அளவா, ஆள் தலை அளவான்னு தெரியாது.

சுட்டு எடுத்துட்டுத்தான் போகணும்னா, பாதியா அறுத்து உள்ளே குடைஞ்சு சுவர் 2 செ.மீ.க்கு வந்ததா பாருங்க. தடிமனா விட்டா உள்ஈரம் ஆவியாகி சூளையில வெடிக்கும். மெதுவா நிழல்ல காயணும், ஐந்து வாரம் அதுக்குப் போதும். ஆனா ஓவியப் பிரிவுக்கு அந்த நேரத்தை அரிவாள்மனைப் படத்துக்குக் கொடுக்கிறது மேல்.

மைப்புள்ளி

எல்லாருக்கும் ரொம்ப நன்றிங்க. தரையில பரப்பிப் பார்த்தேன், நேரா பார்த்து வரைஞ்சது ஸ்கெட்ச் புத்தகம் போக 12 தான் தேறுது. குடம் ரெண்டுல அடி நேர்க்கோடுதான். திரும்ப வரையறேன்.

ஒரு சந்தேகம் மட்டும். கரிப்படம் கை பட்டாலே கலையுது. ஹேர் ஸ்ப்ரே அடிச்சாப் போதும்னு ஒருத்தர் சொன்னார். அது சரியா? இங்கே ரெண்டு நாளா மழை வேற.

கரித்துண்டு

ஹேர் ஸ்ப்ரே வேண்டாம் தம்பி, நாளாக நாளாக மஞ்சளாகும், தாள்ல பிசுபிசுப்பு நிக்கும். ஓவியப் பொருள் கடையில ஃபிக்ஸட்டிவ்னே (கரி கலையாம பிடிச்சு வைக்கிற ஸ்ப்ரே) கேளுங்க.

முதல்ல போட்டோ, அப்புறம்தான் ஃபிக்ஸட்டிவ். அடிச்சதும் கரியோட மெல்லிய சாம்பல் கொஞ்சம் இருட்டாகும், சாக் பேஸ்டல்னா இன்னும் அதிகமா. தாளைத் தட்டி உதிரித் தூளை உதறிடுங்க, ஊதாதீங்க, எச்சில் பட்டா புள்ளி விழும். போர்டுல செங்குத்தா மாட்டுங்க. படுக்க வெச்சு அடிச்சா துளி சொட்டும். ஒரு அடி தள்ளி, தாளுக்கு வெளியே இருந்து அடிக்க ஆரம்பிச்சு, தாளைக் கடந்து வெளியே போய் நிறுத்துங்க. தாள் மேல ஆரம்பிச்சா அந்த இடத்துல ஈரத் திட்டு விழும். மெல்லிசா ஒரு பூச்சு, பத்து நிமிஷம் காய விட்டு இன்னொண்ணு. மூணுக்கு மேல வேண்டாம். மாடியில, காத்து ஓடுற இடத்துல, மூக்கைக் கட்டிக்கிட்டு. முதல்ல ஒரு கெட்டுப் போன படத்துல அடிச்சுப் பாருங்க, அந்தக் குடம் ரெண்டும் அதுக்குத் தோதா இருக்கு.

மழை நாள்ல அடிக்காதீங்க. காத்துல ஈரம் அதிகமா இருந்தா பூச்சு வெள்ளையா பனி படர்ந்த மாதிரி உறைஞ்சு கறுப்பை மங்க வெச்சிடும். வெயில் அடிச்சு ஒரு நாள் காயட்டும். அதுவரைக்கும் படங்களுக்கு நடுவுல பட்டர் பேப்பர் வெச்சு, நகராம நாலு ஓரமும் கிளிப் போட்டு, படுக்கவாக்குல வைங்க. ஃபிக்ஸட்டிவ் அடிச்ச பிறகும் அழுத்தித் தேய்ச்சா கொஞ்சம் வரத்தான் செய்யும், அதனால பட்டர் பேப்பரை எடுத்துடாதீங்க.